தலை குனிந்தால்தான் பயில்வான்

கட்டுமஸ்தான உடம்புக்காரரை நாம் 'பயில்வான்' என்கிறோம். மலாய்க்காரர்களுக்கு 'பஹ்லவான்' என்றால் நாட்டுக்காகப் போராடிய வீரன். ஜூலை 31-இல் வரும் வீரர் தினம் நமக்கெல்லாம் 'ஹரி பஹ்லவான்'தான். இரண்டும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. அது பிறந்த ஈரானில், பலமும் பண்பும் சேர்ந்தவருக்கே அந்தப் பட்டம். பதக்கம் மட்டும் வைத்திருப்பவருக்கு வேறு சொல் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை நேரில் பார்க்க ஏற்ற இடம் யஸ்த். காற்றுக் கோபுரங்கள் எழுந்து நிற்கும் பாலைவன நகரம். அமீர் சக்மாக் சதுக்கத்துக்கு அருகில் பழைய நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றில் இன்று 'ஜூர்கானே' இயங்குகிறது. பொருள் 'வலிமை இல்லம்'. ஜூர்கானேயின் வாசலைத் தாழ்வாக வைப்பது மரபு. எப்பேர்ப்பட்ட மல்லனும் தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

நடுவில் ஒரு பள்ளம். அதற்குள் இறங்கியவர்கள் தரையோடு பலகை வைத்துத் தண்டால் எடுக்கிறார்கள். பிறகு 'மீல்' சுழற்றுகிறார்கள். நம் கர்லாக்கட்டையின் உறவுக்காரன் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். கதவு போன்ற மரக் கேடயங்கள், சங்கிலி கோத்த இரும்பு வில் எல்லாம் உண்டு. ஒவ்வொருவரும் பெரியவரிடம் அனுமதி கேட்டுவிட்டே தனியாகச் சுழன்று ஆடுகிறார்.

என் கவனம் மேடையில் இருந்தவர்மீதுதான் போனது. 'மொர்ஷத்' என்று அழைக்கப்படும் அவர் பறை கொட்டி, மணி அடித்து, ஹாஃபிஸ், ஃபிர்தவ்ஸி கவிதைகளைப் பாடுகிறார். அவர் வேகம் கூட்டினால் பள்ளத்திலும் வேகம் கூடுகிறது. நிறுத்தினால் எல்லாம் நிற்கிறது. வானொலியில் குரலை நம்பிப் பிழைக்கும் எனக்கு அது வியப்பாக இருந்தது. அத்தனை புஜபலமும் ஒரு குரலுக்குக் கட்டுப்படுகிறது!

பாட்டின் இடையே நபிகளுக்கு வாழ்த்து எழுகிறது. வீரத்துக்கும் கருணைக்கும் இங்கே முன்மாதிரி இமாம் அலி. 2010-இல் யுனெஸ்கோ இந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பண்பு பேசும் அந்தப் பள்ளத்தில் இறங்குவது மரபுப்படி ஆண்கள் மட்டுமே. சுற்றுலாப் பயணி என்பதால் என்னைப் போன்ற பெண்களுக்கு ஓரத்தில் ஓர் இருக்கை கிடைக்கிறது.

குரல் யார் பக்கம் என்பதுதான் அடுத்த கேள்வி. 'மூளையில்லாதவன்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஷஅபான் ஜஅஃபரி ஒரு ஜூர்கானே பயில்வான். 1953-இல் பிரதமர் மொசாடெக்குக்கு எதிராகத் தெருவில் இறங்கிய முரட்டுக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். மொசாடெக் கவிழ்க்கப்பட்ட பிறகு, மன்னரின் ஆதரவோடு தெஹ்ரானில் அவருக்கு நவீன ஜூர்கானே ஒன்று கிடைத்தது. 1979 புரட்சியில் மன்னர் போனார். ஜஅஃபரியும் நாட்டைவிட்டுப் போனார். 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். இன்று பல ஜூர்கானே சுவர்களில் புதிய ஆட்சித் தலைவர்களின் படங்கள் தொங்குகின்றன.

அதே தெஹ்ரானில் வளர்ந்த இன்னொருவர் குலாம்ரேஸா தக்தி. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம். 1952, 1960-இல் வெள்ளி. அவர் மொசாடெக்கின் தேசிய முன்னணி பக்கம் நின்றார். 1962-இல் பூயின் ஸஹ்ரா நிலநடுக்கம் 12,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, தெஹ்ரான் தெருக்களில் இறங்கி நிவாரணம் திரட்டினார். மன்னரைவிட மக்களுக்கு நெருக்கமான பலசாலியை அரசு விரும்பவில்லை. 1968 ஜனவரியில் தெஹ்ரான் விடுதி ஒன்றில் அவர் இறந்து கிடந்தார். வயது 37. தற்கொலை என்றது அரசு. இரகசியப் போலீஸின் வேலை என்று நம்பியவர்கள் ஏராளம்; அந்தச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

தெஹ்ரானின் தெற்கே, ரேய் பகுதியில் இப்னு பாபவய்ஹ் இடுகாட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது. யஸ்த் பார்த்தவர்கள் அங்கும் போய் வர வேண்டும். நினைவு நாளில் இன்றும் மக்கள் கூடுகிறார்கள். அவரை ஓரங்கட்டிய ஆட்சி மறைந்துவிட்டது. அடுத்து வந்த ஆட்சி ஊர் ஊராக விளையாட்டு அரங்குகளுக்கு அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது.

ஆனால் ஈரானியர்கள் தக்தியைப் பற்றிப் பேசும்போது பதக்கத்தில் தொடங்குவதில்லை. சோவியத் வீரர் மெத்வெதுடன் மோதிய கதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். எதிராளியின் முழங்காலில் காயம் என்று தெரிந்ததும், தக்தி அந்தக் காலைக் கடைசிவரை தொடவே இல்லையாம். அந்தப் போட்டியில் அவர் ஜெயிக்கவில்லை.