அரை பிளேட், புளி தூக்கலா

அன்புள்ள அத்தோ அக்காவுக்கு,

என் பெயர் உங்களுக்குத் தெரியாது. 'பீச் ட்ரெயின்' என்றால் தெரியும். போன வருஷம் ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவங்க பீச் ட்ரெயினு, ஏழே முக்கா வண்டில வந்து எறங்குவாங்க" என்று சொன்னீர்கள். எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. ஆபீஸில் மேடம், வீட்டில் அம்மா, அண்ணி, "இந்தா" என்று பலவிதமாகக் கூப்பிடப்பட்டவள்தான். ஆனாலும் இந்தப் பெயர் பிடித்துவிட்டது.

இதையெல்லாம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். அதற்குள் "காரம் எப்டிம்மா?" என்று கேட்டுவிடுவீர்கள். எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். கையில் சூப் கிண்ணம் சுடும். நன்றி சொல்ல அதுவா நேரம்? அதனால் ஊரறிய எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். பாரிமுனையில் எனக்கு 22 வருஷ வேலை. அத்தோ என்ற ஒன்றை முதலில் பார்த்ததே அங்கேதான். பர்மா பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச்சில், சாயங்காலமானால் கடைகள் வரிசையாக முளைக்கும். என் ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடை. கடையைச் சுற்றி ஆண்கள் அடுக்கடுக்காக நிற்பார்கள்; துறைமுகத்து ஆட்கள், கஸ்டம்ஸ் ஏஜென்ட் பையன்கள், ஹைகோர்ட் குமாஸ்தாக்கள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் சூப், வாயில் முழு முட்டை. அங்கே போய் நின்று "எனக்கொரு பிளேட்" என்று கேட்க யாரும் தடை போட்டதில்லை. நானும் போனதில்லை. பதினைந்து வருஷம் அந்தப் பூண்டெண்ணெய் வாசனையை மூக்காலேயே சாப்பிட்டுவிட்டு ரயிலேறிக்கொண்டிருந்தேன்.

பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அந்தத் தண்டவாளத்தில் எத்தனையோ வந்திருக்கிறது, காசிமேட்டு மீன்கூடை முதல் பஜாரில் வாங்கிய வெளிநாட்டுக் குடை வரை. அத்தோவும் ஒருநாள் வந்து இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. முடிச்சூர் சாலையில் அந்த மெடிக்கல் ஷாப் ஓரமாக உங்கள் வண்டியை முதல்தடவை பார்த்தபோது, வாசனைதான் முதலில் இழுத்தது. அப்புறம்தான் கண்ணில் பட்டது: கலக்குகிற கை ஒரு பெண்ணுடையது.

அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் பெரிய வீரமெல்லாம் என்னிடம் இல்லை. ஒரு பெண் கலக்கினாள், அதனால் இன்னொரு பெண் நின்றாள். கொஞ்ச நாளில் பார்த்தால் நர்சிங் படிக்கிற பிள்ளைகள், ஜவுளிக்கடை வேலை முடித்து வருகிற பெண்கள், டியூஷன் விட்டு வருகிற தாயும் மகளும் என்று உங்கள் வண்டியின் இடதுபக்கமே எங்கள் பக்கமாகிவிட்டது. ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் மாதிரி. போர்டு மட்டும்தான் இல்லை.

உங்கள் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பது எனக்குப் பிடிக்கும். அந்த அலுமினிய பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி. மயிரிழையாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். மேலே சிவக்கப் பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பொட்டுக்கடலை மாவு, உப்பு. கடைசியில் ஒரு பேஜோவை உள்ளங்கையில் வைத்து நொறுக்குவீர்களே, அந்தச் சத்தத்துக்கே பசி வந்துவிடும். பிறகு ஐந்து விரலும் உள்ளே போய் ஒரு பிசை பிசைந்து, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவி, தட்டில் விழும். கரண்டிக்கு இதில் வேலையே கிடையாது. பர்மிய மொழியில் அத்தோ என்றாலே கலந்து பிசைந்தது என்றுதான் அர்த்தமாம். அங்கே இஞ்சியிலும் தேயிலையிலும்கூட இப்படிப் பிசைவார்கள். பேஜோவில் 'பே' பருப்பு, 'ஜோ' பொரித்தது. நம்மூர் மசால் வடையை அப்பளமாகத் தட்டினால் வருகிற மாதிரி ஒன்று. பக்கத்தூர் ஐடி பையன்கள் இதை "பர்மா நூடுல்ஸ்" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நூடுல்ஸ் கால்பங்குதான், மீதியெல்லாம் கைவாகு.

இப்போது கையுறை போட்டுக்கொள்கிறீர்கள். சுத்தம் நல்லதுதான். ருசி ஒரு படி இறங்கியதாகவே என் கட்சி.

முட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவித்த முட்டையைக் கீறி, அதற்குள் பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் அடைத்துக் கையில் கொடுத்து, "கடிக்காதம்மா, அப்டியே உள்ள தள்ளு" என்றீர்கள். நாற்பத்தைந்து வயதில், முடிச்சூர் சாலையில், நாலு பேர் பார்க்க, கன்னம் இரண்டும் உப்ப முழு முட்டையோடு நின்றேன். அப்போது பார்த்து என் மகளுடைய கணக்கு டீச்சர் ஸ்கூட்டியில் போனார். கையசைத்தார். நானும் அசைத்தேன். பேச முடியவில்லை.

உங்கள் கதை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. ஒரு பிளேட்டுக்கு ஒரு வரி என்ற கணக்கில். வியாசர்பாடியில் பிறந்தவர் நீங்கள். ரங்கூனில் பிறந்தவர் உங்கள் அப்பா. 1965-ல் கப்பலில் வந்து இறங்கியபோது பதினோரு வயது. 1962 மார்ச்சில் பர்மாவில் நெ வின் ராணுவத்தோடு ஆட்சியைப் பிடித்ததும், 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ராத்திரியோடு ராத்திரியாகச் செல்லாமல் போனதும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. நீங்கள் சொன்னது வேறு. "எங்க தாத்தா அரிசிப் பானைக்குள்ள நோட்டு வெச்சிருந்தாராம். அப்புறம் அதுல அடுப்பு பத்த வெச்சாங்களாம்." 2016 நவம்பரில் நாமெல்லாம் பேங்க் வாசலில் நின்றபோது உங்கள் அப்பா மட்டும் பதறவேயில்லை என்றும் சொன்னீர்கள். ரெண்டாவது தடவை பார்க்கிறவருக்கு என்ன பதற்றம்.

இப்படிப் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானோர் திரும்பி வந்தார்கள். 1937 வரை பர்மாவும் இந்தியாவும் ஒரே நிர்வாகத்தில் இருந்தவை. நம் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்து சேர்ந்த அதே வருஷத்தில்தான் பர்மா பிரிந்தது. அதற்கும் முன்னாலிருந்தே இங்கிருந்து போனவர்கள் அங்கே நாற்று நட்டார்கள், மூட்டை தூக்கினார்கள், வட்டிக்கும் விட்டார்கள். வட்டிக்கு விட்டவர்கள் கொண்டுவந்த தேக்குத்தூண்களைக் காரைக்குடிப் பக்கம் இன்றைக்கும் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். மூட்டை தூக்கியவர்கள் கொண்டுவந்தது இந்தப் பிசைகிற கை. அதை 40 ரூபாய்க்கு அரை பிளேட்டாக முடிச்சூர் சாலையில் காட்டுகிறீர்கள். எது பெரிய சொத்து என்று என்னைக் கேட்டால், பசிவேளையில் கேட்காதீர்கள் என்பேன்.

வந்தவர்களில் சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. தரைவழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் அப்படியே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் வந்தன. மற்றவர்களுக்கு 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் வந்தது. பஜார் வந்ததும் பசி வந்தது, பசிக்கு அத்தோ வந்தது.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் உங்கள் வீட்டுக்காரர்தான். அவர் மதுராந்தகத்துப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அத்தோ என்ற சொல்லையே கேட்டதில்லை என்று ஒருநாள் அவரே சொன்னார். "மொத நாள் மாமனார் வூட்ல போட்டாங்க, பச்சக் கோஸ ஏன்டா போட்டுக் கொல்றாங்கன்னு நெனச்சேன்." இப்போது சண்முகம் சாலையிலிருந்து கோஸ் வாங்கிவந்து மயிரிழையாக நறுக்குவது அவர்தான். சீதனமாக நகை வரும், பாத்திரம் வரும். இந்த மனிதருக்கு ஒரு நாட்டின் சமையலே வந்திருக்கிறது.

சூப்பைப் பற்றி ஒருமுறை கேட்டேன். பர்மாவில் அது மொய்ங்கா, மீன் கரைத்த குழம்பு, வாழைத்தண்டு அதில் துணைக்குத்தான். உங்களிடம் மீன் இல்லை, தண்டு மட்டும் இருக்கிறது. "மீன் போட்டா பாதிப் பேரு வர மாட்டாங்கம்மா. வூட்ல போடுவோம். எங்கம்மா ஙாப்பிகூடப் போடும், தெருவே மூக்கப் பொத்தும்" என்று சிரித்தீர்கள். ஒரு சமையல் ஊர்விட்டு ஊர் வரும்போது எதை விட்டுவிட்டு எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு நான் கேட்டதில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. முதல் ஆறு மாதம் நான் திருட்டுத்தனமாகத்தான் சாப்பிட்டேன். ஏழே முக்கால் வண்டி வீட்டில் எட்டேகால் வண்டியாகிவிட்டது. "சிக்னல் கிடைக்கல" என்பேன். பல்லாவரத்தில் சிக்னலுக்கு நிற்காத நாளிலும் நின்றது. மாமியார் ஒருநாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்து, "சிக்னல்ல பூண்டு வதக்குறாங்களா?" என்று கேட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் பயந்துகொண்டே ஒரு பார்சல் வாங்கிப் போனேன். மாமியாருக்கு 74 வயது. கோஸை ஒதுக்கினார், நூடுல்ஸைப் புழு என்றார், சூப்பை மட்டும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "தண்டு நல்லா வெந்திருக்கு" என்றார். என் சமையலுக்கு இருபது வருஷத்தில் அந்த மாதிரி ஒரு சான்றிதழ் வந்ததில்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பாத்திரம் கொடுத்தனுப்புகிறார், பிளாஸ்டிக் கவரில் சூடாக ஊற்றக் கூடாதாம். நீங்களும் அந்தத் தூக்கைப் பார்த்தாலே "பெரியம்மாவுக்கா?" என்று கேட்டு, ஒரு கரண்டி மிளகுத்தூள் குறைத்துப் போடுகிறீர்கள். அவரை நீங்கள் பார்த்ததே இல்லை.

என் தம்பி அமெரிக்காவில், வாஷிங்டன் பக்கம் சில்வர் ஸ்பிரிங்கில் இருக்கிறான். அவன் தெருவில் ஒரு இத்தியோப்பியக் கடை இருக்கிறதாம். சின்னக் கடை, விலை கம்மி, வெள்ளிக்கிழமைதோறும் அங்கேதான் குடும்பத்தோடு சாப்பாடு. போட்டோ அனுப்பினான். டெஃப் என்று ஒரு பொடித் தானியம், அதன் மாவைப் புளிக்கவைத்து நம் ஆப்பத்துக்கும் தோசைக்கும் நடுவில் ஒன்று வார்த்து, அதன்மேலேயே குழம்புகளைப் பரப்பி, ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். "அக்கா, நம்ம சாப்பாடு மாதிரியே இருக்கு, தாம்பரத்துல இதெல்லாம் கெடைக்குமா?" என்று கேட்டிருந்தான். 1974-ல் இத்தியோப்பியாவிலும் ராணுவம்தான் ராஜாவை இறக்கியிருக்கிறது. அப்புறம் வந்த கலவரத்துக்கும் பஞ்சத்துக்கும் தப்பி ஓடியவர்களில் நிறையப் பேர் வாஷிங்டன் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். நான் பதிலுக்கு உங்கள் வண்டியைப் படமெடுத்து அனுப்பினேன். எவர்சில்வர் தட்டு, சூப் அண்டா, எல்இடி பல்பு, மூலையில் கோஸ் நறுக்கும் அண்ணன் எல்லாம் அதில் வந்திருந்தன. "எங்க தெருவுல இது" என்று கீழே எழுதினேன். அந்தப் படத்தில் தெரியாமல் உங்கள் முழங்கையும் விழுந்திருக்கிறது. மன்னிக்கவும்.

சரி, நன்றி எதற்கென்று இன்னும் சொல்லவில்லை. காலையில் நான் எழுந்து நாலு பேருக்கு நாலு விதமாகச் செய்கிறேன். மாமியாருக்குக் காரம் கூடாது, வீட்டுக்காரருக்குத் தேங்காய் கூடாது, மகளுக்குக் கத்தரிக்காய் கூடாது, மகனுக்கு எதுவுமே கூடாது. எல்லோருடைய நாக்கும் எனக்கு மனப்பாடம். என் நாக்கு என்ன கேட்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கே தோன்றியதில்லை. முதல்நாள் நீங்கள் பேசினுக்குள் கையை வைத்துக்கொண்டு, "காரம் எப்டிம்மா? புளி?" என்று நிமிர்ந்து பார்த்தீர்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "எல்லாருக்கும் போடுற மாதிரி" என்றேன். "எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டா அது ஓட்டல்மா" என்றீர்கள்.

நாலைந்து நாள் பிடித்தது, அக்கா, எனக்குக் காரம் கம்மியாகவும் புளி தூக்கலாகவும் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க.

போன மாதம் சாலைவேலை என்று வண்டிகளையெல்லாம் அப்புறப்படுத்தியபோது ஒன்பது நாள் நீங்கள் இல்லை. அந்த மெடிக்கல் ஷாப் ஓரத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. இடதுபக்கத்துப் பெண்கள் நாங்கள் ஒருவரையொருவர் ரயில் படிக்கட்டில் பார்த்து, "கடை வந்துச்சா?" என்று விசாரித்துக்கொண்டோம். அதுவரை பேசிக்கொண்டதேயில்லை. பத்தாம் நாள் நாற்பதடி தள்ளி உங்கள் பல்பு எரிந்தது. நீங்கள் ஒன்றும் நடக்காத மாதிரி "வாம்மா பீச் ட்ரெயினு" என்றீர்கள்.

அன்றைக்கு ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தது. "நாளைக்குக் குடும்மா" என்று அனுப்பிவிட்டீர்கள். அரை பிளேட் 40, முட்டை 15, பெரியம்மா சூப் 20. மறுநாள் நான் லீவு, அதற்கடுத்து ஞாயிறு. 75 ரூபாயைச் சில்லறையாகப் பர்ஸின் தனி ஜிப்பில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஏழே முக்கால் வண்டியில் வருகிறேன். தூக்கும் எடுத்து வருகிறேன். மாமியார் இந்தத் தடவை பேஜோவும் கேட்டிருக்கிறார், நமுத்துப் போகாமல் தனியாகக் கட்டித் தரவேண்டுமாம்.

இப்படிக்கு,
பீச் ட்ரெயின்
மேற்குத் தாம்பரம்