போக 45, வர 45

ஜூன் 8, 2025, ஞாயிறு

பழைய கார் இன்று காலை கைமாறிவிட்டது. சாவியைக் கொடுத்த பிறகும் கை பையைத் துழாவிக்கொண்டே இருந்தது.

சிங்காநல்லூரிலிருந்து பொள்ளாச்சி போக 45 கிலோமீட்டர், வர 45. வாரத்தில் ஆறு நாள். ஆய்வகத்தை ஏழு மணிக்குத் திறந்தாக வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் வண்டி மக்கர் பண்ணிவிட்டது என்று சொல்ல முடியாது. அதனால் நம்பகம்தான் முதல் நிபந்தனை. இரண்டாவது நிபந்தனையை அம்மாவிடம் மட்டும் சொன்னேன்: இந்த முறை எனக்கு ஓட்டப் பிடித்த வண்டி வேண்டும். ஹாட் ஹேட்ச். சின்னக் குடும்பக் காரின் உடம்பில் பலமான இன்ஜின். 1976-இல் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறனோடு வந்து இந்த ஜாதி வண்டிக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. புதிதாக வாங்க வசதியில்லை. ஐந்து லட்சத்துக்குள் பழையது.

"ஆடி பொறக்கறதுக்குள்ள வாங்கு. இல்லாட்டி ஆவணிக்குத்தான்" என்றார் அம்மா. ஜூலை 17 ஆடி ஒன்று. ஐந்து வாரம்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பழைய கார் விற்கும் யார்டு ஒன்றுக்கு மெக்கானிக் அண்ணனோடு போனேன். அப்பாவின் லேத் பட்டறைக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்து பழக்கம். எனக்கு நாற்பது ஆகியும் அவருக்கு நான் 'அம்மிணி'தான்.

சென்னைப் பதிவு வண்டி, ஒரே ஓனர், பளபளவென்று இருந்தது. சந்தை விலையைவிட ஒரு லட்சம் குறைவு. பெயின்ட், டயர், இன்டீரியர் எல்லாம் எனக்குப் பிடித்துப்போனது. அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். சாதாரணமாக நாம் இழுக்கும் அளவுக்கு மேலும் இழுத்துக்கொண்டே போனார், பெல்ட் தீரும்வரை. கடைசி ஒரு சாண் நாடாவில் குறுக்கே செம்பழுப்பாக ஒரு கோடு, தேநீர் காய்ந்த கோப்பையில் இருக்குமே அதுபோல. நகத்தால் சுரண்டினார். மண் துகள் உதிர்ந்தது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரலை விட்டார். விரல் நுனியில் காய்ந்த வண்டல். இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகள் துருவேறி இருந்தன.

"இது தண்ணி குடிச்ச வண்டி அம்மிணி. இன்னைக்கு ஓடும். ஒயரிங்குக்குள்ள பச்சை பூத்துட்டா எந்த ராத்திரி நிக்கும்னு சாமிக்கே தெரியாது."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வாசலில் நின்ற கார்கள் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. மூழ்கிய வண்டியை விற்பது தவறல்ல. மறைத்து விற்பது தவறு. விற்றவரிடம் கேட்டேன். தமக்கு எதுவும் தெரியாது என்றார். வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. பெல்ட்டை இழுத்துப் பார்க்கத் தெரியாத யாரோ ஒருவர் அடுத்த வாரம் அதை வாங்கத்தான் போகிறார்.

ஜூன் 19, வியாழன்

ராத்திரி முழுக்கக் கணக்கு. ஆசைப்பட்ட வண்டிகளை எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன்.

அபார்த் புன்டோ: 2015-இல் வந்தது, 145 குதிரைத்திறன். ஒருமுறை ஓட்டியிருக்கிறேன், மறக்க முடியாது. ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்தால் ஊர் ஊராகத் தேட வேண்டும். போலோ ஜிடிஐ: 2016-இல் இந்தியாவுக்கென்று வந்தவையே 99 வண்டிகள், விலை 26 லட்சம். அது சேகரிப்பவர்களுக்கு. போலோ ஜிடி டிஎஸ்ஐ: நெஞ்சுக்கு மிக நெருங்கியது. ஆனால் அதன் 7 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியில் கைவைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அண்ணனே "அது என் கைக்கு வராது" என்று சொல்லிவிட்டார். தினப்படி வண்டிக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

மிஞ்சியது மாருதி பெலேனோ ஆர்எஸ். 2017 மார்ச்சில் 8.69 லட்சத்துக்கு வந்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 150 நியூட்டன் மீட்டர் இழுவை. எடை 950 கிலோதான். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். குதிரைத்திறன் நூறைத் தொட்டு நிற்கிறது. ஐரோப்பாவில் இதை ஹாட் ஹேட்ச் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்த எடைக்கு அது தாராளம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது அதற்கேற்ப மாற்றாமல் நிறுத்திவிட்டார்கள். அதிகம் விற்கவும் இல்லை.

அதிகம் விற்காத வண்டியை எப்படி நம்புவது என்று நான்கைந்து நாளாக மனசு அரித்தது. இன்று கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்த்தேன். கதவு, கண்ணாடி, கண்ணாடி ஏற்றும் மோட்டார், ஏசி, டயர் அளவு என்று அடிக்கடி செலவு வைக்கும் சாமான்கள் எல்லாம் தெருவுக்கு ஒன்றாக நிற்கும் சாதாரண பெலேனோவுடையவைதான். தனியாக இருப்பவை முக்கியமாக பம்பர்கள், பின் டிஸ்க், இன்ஜின். அந்த இன்ஜினின் வம்சமும் 2023-இல் ஃப்ரான்க்ஸில் திரும்பி வந்திருக்கிறது. மெக்கானிக்குகளின் கை அதைப் பழகிவிட்டது. வேகமான பழைய வண்டியைத் தினமும் ஓட்ட நினைக்கிறவர்கள் அதன் வேகத்தைவிட, அதில் எவ்வளவு பாகம் சாதாரண வண்டி என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

இது கோயம்புத்தூருக்குப் புதிதில்லை. எங்கள் ஊர் கரிவரதன் 1980-களில் மாருதி 800-இன் இன்ஜினை எடுத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டினார். அதுவும் மூன்று சிலிண்டர். எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கிற இன்ஜின். செட்டிபாளையம் பந்தயத் தளம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

ஜூன் 29, ஞாயிறு

திருப்பூர். 2018 வண்டி, 61,400 கிலோமீட்டர். சொந்தக்காரர் பனியன் கம்பெனிக்கு நூல் சப்ளை செய்பவர், என் வயதுதான் இருக்கும். இரண்டாவது குழந்தை பிறந்து பெரிய வண்டிக்கு மாறுகிறார்.

நேற்றே போனில் சொல்லியிருந்தேன்: "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க." அண்ணன் இறங்கியதும் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. என்னை சைலன்ஸருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நீலப் புகை வந்தால் டர்போவின் சீலோ பிஸ்டன் வளையமோ போயிருக்கிறது என்று அர்த்தம். நிறமற்ற ஆவி மட்டும் வந்தது.

டர்போவைப் பற்றி அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். புகைக்காற்று தள்ளிச் சுழலும் அந்தச் சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதன் தண்டைத் தாங்குவது மெல்லிசான எண்ணெய்ப் படலம். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து சட்டென்று அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, மிச்ச எண்ணெய் அந்தச் சூட்டில் கருகிப் படியும். அது சேரச் சேர வழி அடைபடும். ஆகவே டர்போ வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் மாற்றிய வரலாறு.

நான் கேட்கவே இல்லை, அந்தத் தம்பி உள்ளே போய் ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்தார். 2018-லிருந்து அத்தனை பில்லும் தேதி வரிசையில். ஏழாயிரத்துக்கு ஒருமுறை ஃபுல் சின்தெடிக் எண்ணெய். கோப்போடு நூலகக் குறிப்பேடு மாதிரி ஒரு நோட்டு: ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதி, லிட்டர், மீட்டர் அளவு. குண்டு குண்டான கையெழுத்து. நடுவில் ஒரு பக்கத்தில் குழந்தை கிறுக்கிய பென்சில் வட்டம். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் அதையே படித்தார்.

பிறகு அவினாசி சாலையில் ஓட்டம். நான்காவது கியரில் நாற்பதில் போய் ஒரே மிதி: முள் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறின. மூன்றாவது கியரில் 1,700 சுற்றைத் தாண்டியதும் முதுகை இருக்கை தள்ளியது. நான் சிரித்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குறை ஒன்று இருந்தது. டயர் பக்கச்சுவரில் 2218 என்ற எண்: 2018-இன் 22-வது வாரம். பள்ளம் மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகி, நுண்ணிய வெடிப்பு. ஏழு வருஷ டயரில் மழைக்காலத்தில் பொள்ளாச்சிச் சாலைக்குப் போக மாட்டேன். நான்கும் மாற்ற வேண்டும்.

ஜூலை 2, புதன்

ஆவண வேலை. 2016 அக்டோபர் முதல் 2019 நவம்பர் வரை தயாரான 7,213 ஆர்எஸ் வண்டிகளை, பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பைச் சோதிக்க 2023 ஏப்ரலில் கம்பெனி திரும்ப அழைத்திருந்தது. இந்த வண்டியும் அந்தக் காலத்துக்குள் வருகிறது. நீலக் கோப்பைப் புரட்டினேன்: அந்த வருஷமே காட்டி முடித்த பில் இருந்தது. சேஸிஸ் எண்ணையும் சரிபார்த்துக்கொண்டேன். பழைய வண்டி வாங்குகிற யாரும் இதைத் தவறவிடக் கூடாது. இது இலவசமாகச் செய்துதரும் வேலை.

அபராதம் பாக்கியில்லை. பேங்க் கடன் முடிந்து ஆர்சி புத்தகத்திலிருந்து நீக்கியாயிற்று. 5.40 கேட்டார்; டயரைக் காட்டி 4.95-இல் முடிந்தது. இன்னும் இழுத்திருக்கலாம் என்றார் அம்மா. அந்த நோட்டைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

படிவம் 29, 30 கையெழுத்து. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும், இன்றே விண்ணப்பித்துவிட்டேன். ஆடிக்கு ஆறு நாள் முன்னால் வண்டி வாசலில். அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார்.

கோப்பைக் கொடுத்துவிட்டு அந்தத் தம்பி கொஞ்ச நேரம் நின்றார். "அணைக்கறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் ஐடில்ல விடுங்கக்கா" என்றார். அதோடு நோட்டையும் நீட்டினார். பக்கங்கள் பாதிக்கு மேல் காலி.

ஜூலை 28, திங்கள்

இரண்டு வாரம். புது டயர், புது எண்ணெய். டேங்க் நிரப்பி மறுபடி நிரப்பியதில் 486 கிலோமீட்டருக்கு 29.4 லிட்டர்: 16.5. கம்பெனிக் கணக்கு 21.1. என் கால் கொஞ்சம் பாரம்தான், ஒப்புக்கொள்கிறேன். மாதப் பெட்ரோல் 14,000 ரூபாயைத் தாண்டும். அது தெரிந்தே வாங்கினேன்.

எத்தனால் விஷயம்தான் கவலை. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. என்னுடையது அதற்கு முந்தியது. பெட்ரோலைவிட எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு, கூடுதல் விலை கொடுத்தாவது பழைய கலவையை வாங்கிக்கொள்ள ஒரு வழி விட்டிருக்கலாம். எரிபொருள் குழாய்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பொள்ளாச்சியில் சாயந்திரம் நல்ல மழை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளியது. கிணத்துக்கடவுக்கு முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி, அதன் வாரியடிப்பில் கண்ணாடி முழுக்கச் சேறு. மூன்றாவது கியர், ஒரு மிதி. இரண்டு மூச்சுக்குள் லாரி பின்கண்ணாடியில் சின்னதாகிவிட்டது. பழைய வண்டியில் இதே இடத்தில் எத்தனை நாள் பாதி வழியில் பின்வாங்கியிருக்கிறேன்!

வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன் கண்ணு இன்னும் அணைக்கல?" என்று உள்ளிருந்து அம்மா. முப்பது எண்ணி அணைத்தேன். உள்விளக்கைப் போட்டு நோட்டை எடுத்தேன். வழியில் போட்ட பெட்ரோல் 27.2 லிட்டர், மீட்டர் 64,110. எண்ணெய் மாற்ற இன்னும் 4,390 இருக்கிறது.