வில்லின் வேலை

தமிழகத்துச் சிற்றூர்களில் வில்வண்டி பூட்டிச் சென்றவர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. கட்டை வண்டி மூட்டை சுமப்பதற்கு. வில்வண்டி மனிதர் அமர்ந்து செல்வதற்கு. இரண்டையும் இழுத்தது மாடுதான். இரண்டும் ஓடியது ஒரே மண்பாதையில்தான். வேறுபாடெல்லாம் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்து கிடந்த எஃகுப் பட்டைகளில் இருந்தது. அவை பள்ளத்தில் வளைந்து கொடுத்தமையால் உள்ளே இருந்தவரின் இடுப்பு பிழைத்தது. வண்டிக்கு அந்த உறுப்பைக் கொண்டே பெயரும் வைத்தார்கள். பெருந்தேரைப் பற்றிப் பேச வந்த வள்ளுவரும் அதன் உருவத்தை விட்டுக் கண்ணுக்குத் தெரியாத அச்சாணியையே நினைத்தார் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மலாயாவுக்கு வந்த தமிழரின் பேரப்பிள்ளைகள் இன்று ஓட்டுவது மகிழுந்து. பேச்சு வழக்கில் காடி. சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங் சாலையில் மாலை நேரத்தில் சற்று நின்றால், டயரின் மேற்பகுதி சக்கர வளைவுக்குள் மறையும்படி தாழ்த்தப்பட்ட காடி ஒன்றேனும் கடந்து போகும். அது பெரும்பாலும் பழைய புரோட்டோன் சத்ரியாவாகவோ விராவாகவோ இருக்கும். தாழ்த்தியவரைக் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார். பார்க்க அழகாக இருக்கிறது என்பது முதற்காரணம். வளைவில் நன்றாகப் பிடித்து ஓடும் என்பது இரண்டாவது.

முதற்காரணத்தை இளக்காரமாகப் பேசுவது எளிது, பேசுவோரும் பலர். ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்தவர்க்கு எது சொந்தமாக இருந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். லயத்து வீடு நிறுவனத்தினுடையது. பால்மரம் நிறுவனத்தினுடையது. மரத்தை அழித்துச் செம்பனை நட்டதும், செம்பனையை அழித்து வீடமைப்புத் திட்டம் எழுப்பியதும் நிறுவனத்தின் முடிவு. சுவருக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதையும் தந்தை தம் விருப்பப்படி தீர்மானித்ததில்லை. அத்தகைய வீட்டிலிருந்து நகருக்கு வந்த மகன், தன் விருப்பப்படி மாற்றி அமைக்கத்தக்க முதற்பொருளாக ஒரு பழைய காடியை அடைகிறான். அதை அழகு செய்ய அவன் விரும்புவதில் குற்றம் காண இடமில்லை. அழகும் பிடிப்பும் ஒன்றே என்று அவன் நம்புவதுதான் இடர்.

அந்நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எடைமையம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு இம்மாற்றம் பெருகும். தரையிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்த எடைமையம் 40 மில்லிமீட்டர் இறங்கிற்று எனக் கொள்க. சுமைமாற்றம் 8 விழுக்காடு குறையும். அதற்கேற்ப டயரின் பிடிப்பும் சற்றுக் கூடும். பந்தயக் காடிகள் தரையோடு தரையாகக் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

எனினும் கணக்கு அங்கே முடிவதில்லை. சத்ரியா போன்ற காடிகளின் முன்புறத்தில் இருப்பது மக்பெர்சன் அமைப்பு. சுருள்வில்லும் அதிர்வடக்கியும் ஒரே தூணாக நிற்க, கீழே ஒரு கை சக்கரத்தைக் காடியின் உடலோடு இணைக்கிறது. உடலைத் தாழ்த்தினால் அக்கையின் உள்முனை இறங்கிவிடும். சக்கரத்தோடு சேர்ந்த வெளிமுனை மேலே நின்றுவிடும். காடி எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ, அந்தச் சாய்வுமையம் இதனால் கீழிறங்குகிறது. எடைமையம் இறங்கியதைக் காட்டிலும் மிகுதியாகவே இறங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே காடியைச் சாய்க்கும் நெம்புகோல். தாழ்த்தியதால் நெம்புகோல் நீண்டுவிட்டது! வில்லும் அதற்கேற்பக் கடினமாகாவிட்டால், தாழ்ந்த காடி உயர்ந்த காடியைவிட அதிகமாகச் சாயும். நின்றிருக்கும் காடியைப் பார்க்கும் கண்ணுக்கு இது புலப்படாது.

மலிவான வழியை நாடுவோர் வில்லையே வெட்டிவிடுகிறார்கள். ஆறு சுற்றுள்ள சுருள்வில்லில் ஒரு சுற்றை நீக்கினால் அதன் கடினம் 20 விழுக்காடு கூடும். அதே வேளையில் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடம் அதனினும் விரைவாகச் சுருங்குகிறது. 70 மில்லிமீட்டர் இடமிருந்த காடியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது 30 தான். அதுவும் தீர்ந்தபின் உடல் இரப்பர்த் தடுப்பின்மேல் மோதி அமர்கிறது. அந்நொடியில் வில் வேலை செய்வதில்லை. சக்கரத்தின் சுமை திடீரென ஏறும், டயர் வழுக்கும். முன்புறத்தில் இது நேர்ந்தால் காடி வளைவை விட்டு வெளியே ஓடும். பின்புறத்தில் நேர்ந்தால் வால் வீசும்.

தெமியாங்கில் குடியேறிய தோட்டத்து இளைஞன் ஒருவன் இதைக் கோலா பிலா போகும் வழியில் அறிந்துகொண்டான். சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்வோர் புக்கிட் புத்துஸ் மலையைக் கடந்தாக வேண்டும். இன்று அங்கே அகன்ற புதிய சாலை உண்டு. வளைந்து நெளியும் பழைய சாலையில் ஓட்டுவதைச் சுவையாகக் கருதுவோரும் உண்டு. தாய், தந்தை, தங்கையர் இருவர் என நால்வரை ஏற்றிக்கொண்டு, மழை ஓய்ந்த வேளையில், அவன் அப்பழைய சாலையிலேயே சென்றான். தனியாக ஓட்டியபோது அடக்கமாக இருந்த காடி, ஐவரைச் சுமந்தபோது ஓர் இறக்க வளைவில் பின்புறம் தடுப்பில் இடித்து, ஒரு முழம் விலகி, மீண்டும் நேரானது. யாருக்கும் காயமில்லை. தாய் மட்டும் ஊர் சேரும்வரை வாய் திறக்கவில்லை.

தந்தை பல்லாண்டு தோட்டத்துச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். ஊர் சேர்ந்ததும் குனிந்து சக்கர வளைவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். "ஏன்டா, பாரம் ஏத்துனா வில்லு எறங்கணும். பாரம் இல்லாமலே எறங்கிக் கெடந்தா, அப்புறம் எங்க எறங்கும்?" என்றார். மகனிடம் விடையில்லை. பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவது அவ்வொரு வினாவில் அடங்கியிருந்தது.

பந்தய உலகமும் இவ்வினாவோடு பலமுறை மோதியிருக்கிறது. 1978இல் மரியோ ஆன்ட்ரெட்டிக்கு உலகப் பட்டம் பெற்றுத் தந்த லோட்டஸ் 79 காடியின் அடிப்புறம் தலைகீழான இறக்கை போன்றது. அடியில் ஓடும் காற்றே காடியைத் தரையோடு உறிஞ்சிப் பிடித்தது. அங்கே தாழ்வு பயன் கருதியது. 1981இல் தரைக்கும் காடிக்கும் 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என விதி வந்தபோது, பிரபாம் குழுவின் கார்டன் மர்ரே ஓடும்போது தாழ்ந்து, நிற்கும்போது உயரும் காடியைச் செய்து விதியை ஏய்த்தார்! காற்றுறிஞ்சும் அடிப்புறம் 2022இல் மீண்டும் வந்தது. அவ்வாண்டு தரையை மிக நெருங்கிய காடிகள் நேர்ப்பாதையில் கடலில் துள்ளும் ஓங்கில்போல் குதித்தன. ஓட்டுநர்கள் முதுகுவலியால் துன்புற்றனர். அடுத்த ஆண்டே அடித்தளத்தின் விளிம்பை 15 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. 1999 முதல் 2017 வரை அத்தகைய பந்தயங்கள் நடந்த செப்பாங், சிரம்பானுக்கு அண்மையிலேயே உள்ளது. அதன் தளம் சீரானது. தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் குடியிருப்பின் வேகத்தடைகளுக்கும் அங்கே இடமில்லை.

லோட்டசை நிறுவிய காலின் சாப்மன் மென்மையான வில்லையும் தேர்ந்த அதிர்வடக்கியையும் நம்பியவர். அந்நிறுவனத்தைப் புரோட்டோன் 1996இல் வாங்கி, 2017இல் கைமாற்றும் வரை வைத்திருந்தது. தெமியாங் இளைஞர்கள் போற்றும் சத்ரியா ஜிடிஐயின் தொங்கமைப்பு லோட்டஸ் பொறியாளர்களால் செம்மை செய்யப்பட்டது. காடியின் பின்புறத்தில் அதைச் சொல்லும் முத்திரையும் உண்டு. அந்த முத்திரை மின்னும்படி துடைத்து வைத்துக்கொண்டு, அதற்கடியில் உள்ள வில்லை அறுத்தெறிவோரை என்னென்பது?

முறையாகத் தாழ்த்தும் வழியும் இருக்கிறது. 20 அல்லது 25 மில்லிமீட்டர் அளவோடு நிறுத்துதல், அதற்கென்றே வடித்த வில், அவ்வில்லுக்கு இசைந்த அதிர்வடக்கி, இறுதியில் சக்கரங்களின் சாய்வையும் நேரையும் சரிபார்க்கும் அலைன்மென்ட். செலவு பெரிது. காடியின் அமைப்பை மாற்றுவதில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தையும் எண்ண வேண்டும்.

வெட்டிய வில் வளராது. ஆகவே அவ்விளைஞன், ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்துக் கொண்டுவரும் காடிகளை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் தேடி, முழு உயர வில் நான்கு வாங்கினான். பட்டறையின் பொமன் அவற்றைப் பூட்டும்போது, அதிர்வடக்கியின் தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றை வளையமாக மாட்டிவிட்டார். வில் அமுங்கும்போது அவ்வளையம் மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். எவ்வளவு இடம் செலவாயிற்று, எவ்வளவு மிஞ்சிற்று என்பதை அளந்தறியலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஐவரோடு அதே மலையைக் கடந்து வந்தபின், தந்தையும் மகனும் சக்கரத்தருகே குந்தியமர்ந்து அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். வளையத்துக்கு மேல் இன்னும் 22 மில்லிமீட்டர் இருந்தது.