தாள் பிரிந்த தினசரி

1942இல் மதுரையில் பிறந்த தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவனையும் வாசகனாக்கியது. 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957இல் திருநெல்வேலிக்கே வந்துவிட்டது. நம்மவர்கள் இந்தத் தினசரி நடையைக் கேலி செய்வார்கள். ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பதற்கான நடை அது. நம் கவிதைக்கு இன்னும் கிட்டாத யோகம்.

கங்கைகொண்டான் டீக்கடையில் பேப்பர் முழுசாக யாருக்கும் கிடைக்காது. தாள் தாளாகப் பிரிந்து கைமாறும். பாங்குக்குக் கிளம்புமுன் எனக்கு வாய்ப்பது அநேகமாக நடுத்தாள்தான்: பாபநாசம் அணை நீர்மட்டம், கண்ணீர் அஞ்சலி, எந்த ஊரிலோ கோவில் கொடை. நான் தேடிப் போகாத விஷயங்கள். இந்தத் தற்செயலில்தான் ஊர் என்ற ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது.

இன்று அதே தினசரிகள் செல்போனிலும் வருகின்றன. ஆனால் எதில் விரல் தங்கியதோ அதன் இனத்தையே மறுபடி மறுபடி காட்டுகிற ஏற்பாடு அது. அடுத்தவன் தாள் அங்கே கைக்கு வருவதில்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரி, வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மறுநாள் காலையிலும் என் போனில் ஓர் இலக்கியச் சர்ச்சைதான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி கதவைத் தட்டிச் சொன்னார். அவர் மச்சினன் அந்த ரயிலில் இருந்தான்.