பொன் வேறு, கல் வேறு

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடம் நடத்தும் ஒருவருக்கு வைரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சகோதரிகள் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், நகைக்கடையில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல் எமது கிதாபுகளிலும் இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் 'கரட்' என்பதும், ஜனாஸாவில் கலந்துகொள்வோரின் நன்மையைக் கூறும் ஹதீஸில் வரும் 'கீராத்' என்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. கரோப் என்னும் மரத்தின் விதையை எடைக்கல்லாக வைத்துப் பொன்னையும் மணியையும் நிறுத்த காலத்துச் சொல் அது.

இந்தச் சொல்லில்தான் முதல் குழப்பமும் இருக்கிறது. தங்கத்துக்குக் கரட் என்றால் அது தரம். 24 பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பதைக் காட்டுவது. வைரத்துக்குக் கரட் என்றால் அது எடை. ஒரு கரட் 0.2 கிராம். அதை 100 பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஒரு 'பொயின்ட்' என்பார்கள். ஒரே மோதிரத்தில் இரண்டு கரட்டும் பேசப்படும்போது, வாங்க வந்த பெண் எது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் தலையசைத்து விடுகிறாள்.

என் தங்கச்சியின் மகளுக்கு நிக்காஹ் பேசி முடிந்த சமயம். எங்கள் உம்மா தந்த காப்புகள் தங்கச்சியிடம் இருந்தன. நாலு காப்பு, நாலு பவுண். ஒருநாள் வந்து, "நானா, கொழும்பில ஒரு கடையில நாலு காப்பையும் குடுத்தா வைரப் பதக்கமும் தோடும் தாராங்களாம். மேல ஒரு சல்லியும் வாணாமாம். நீங்களும் வந்து ஒருக்காப் பாருங்க" என்றாள்.

போவதற்கு முன் பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்க வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். ஒரே கல்லூரியில் ஓதியவர்கள் நாங்கள். அவர் சொன்ன விளக்கம் எல்லா வீட்டுக்கும் பயன்படும்.

வைரத்தின் தரத்தை நான்கு விடயங்களைக் கொண்டு அளக்கிறார்கள். முதலாவது எடை. இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு கரட் எடையுள்ள ஒற்றைக் கல்லும், சேர்ந்து ஒரு கரட் வரும் 40 பொடிக் கற்களும் ஒரே விலையல்ல. பெரிய கல் அரிது என்பதால் கரட்டுக்கு உரிய விலையே ஏறிப்போகும். ஆகவே, 'ஒரு கரட் வைரம்' என்றால், 'எத்தனை கல்?' என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது நிறம். ஆங்கில எழுத்து 'டி'யில் தொடங்கி 'இஸட்' வரை போகும். 'டி', 'ஈ', 'எப்' மூன்றும் நிறமற்றவை. 'ஜி' முதல் 'ஜே' வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. கீழே போகப்போக மஞ்சள் சாயல் கூடும். மூன்றாவது தெளிவு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்து, உள்ளே இருக்கும் புள்ளி, கீறல், மேகம் போன்றவற்றைக் கொண்டு 11 படிகளாகப் பிரிப்பார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு புள்ளிக்காக அதிக பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது நண்பரின் அபிப்பிராயம்.

நான்காவது வெட்டு. வட்ட வைரத்துக்குப் பொதுவாக 57 அல்லது 58 பட்டைகள். மேலிருந்து விழும் ஒளி உள்ளே பட்டுத் திரும்பி மேலேயே வரும்படி வெட்டப்பட்டிருந்தால்தான் கல் மின்னும். தட்டையாக வெட்டினால் ஒளி அடியால் கசிந்து விடும். ஆழமாக வெட்டினால் நடுவே இருண்டிருக்கும். "நிறமும் தெளிவும் அல்லாஹ் படைத்தபடி. வெட்டு மட்டும்தான் மனிதன் கை. அதிலதான் அழகு" என்றார் நண்பர்.

போலிகளைப் பற்றியும் கேட்டேன். எங்கள் நாட்டில் வைரச் சுரங்கம் கிடையாது. ஆனால், நிறமற்ற சிர்கோன் கல்லை 'மாத்தறை வைரம்' என்று முற்காலத்தில் அழைத்தார்கள். அது இயற்கையான கல்தான், வைரமல்ல. 1976ஆம் ஆண்டு முதல் சந்தைக்கு வந்த கியூபிக் சிர்கோனியா, மனிதன் செய்த வேறொரு பொருள். அதைத்தான் கடைகளில் 'அமெரிக்கன் டயமண்ட்' என்கிறார்கள். மொய்சனைட் என்று இன்னொன்று உண்டு. வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் பேனாக் கருவி அதையும் வைரம் என்றே காட்டக்கூடும். இன்று ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் வைரமோ போலியல்ல, அதுவும் வைரமேதான். ஆனால், அதன் விலை நிலத்தில் கிடைக்கும் வைரத்தின் விலையை விட மிகக் குறைவு. அதை அதன் பெயர் சொல்லி, அதன் விலைக்கு விற்பதில் குற்றமில்லை. பெயரை மறைத்து விற்பதே மோசடி. கண்ணாலும் பேனாவாலும் இதைப் பிரித்தறிய முடியாது; ஆய்வுகூட அறிக்கைதான் சாட்சி.

கடைக்குப் போனோம். கறுப்புத் துணியில், பலமான விளக்கின் கீழ் செட்டை வைத்தார்கள். எந்தக் கல்லும் அந்த விளக்கில் மின்னும். வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேட்டேன். பார்த்துவிட்டுப் பற்றுச்சீட்டு எப்படி எழுதுவீர்கள் என்றேன். "வைர செட், 14 கிராம்" என்றார் விற்பனையாளர். "பொன் எவ்வளவு, கல் எவ்வளவு?" என்று கேட்டேன். "வைரம் எல்லாமாக ஒரு கரட் இருக்கும், ஹஸரத். அதையெல்லாம் தனியா எழுதுற வழக்கம் இல்லை" என்றார். எண்ணிப் பார்த்தோம், 40 கற்கள். பொன்னில் 750 என்று முத்திரை இருந்தது. அதாவது 18 கரட் தங்கம்.

அங்கேயே ஒரு தாளில் கணக்கைப் போட்டுத் தங்கச்சியிடம் காட்டினேன். கல்லின் எடை 0.2 கிராமைக் கழித்தால் பொன் 13.8 கிராம். அதில் சுத்தத் தங்கம் முக்கால் பங்கு, ஏறக்குறைய 10.3 கிராம். எங்கள் உம்மாவின் காப்புகள் 22 கரட்; 32 கிராமில் சுத்தத் தங்கம் 29 கிராமுக்கு மேல். ஆக, 19 கிராம் தங்கத்தின் பெறுமதி அந்த 40 பொடிக் கற்களுக்கும் கூலிக்கும் போகிறது. கற்களுக்கு எந்த அறிக்கையும் இல்லை. தங்கச்சி ஒன்றும் பேசாமல் காப்புகளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தது, ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் ஒரு ஹதீஸ். கைபர் யுத்த காலத்தில் பழாலா பின் உபைத் (ரழி) அவர்கள் பொன்னும் மணியும் கோத்த ஒரு மாலையை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது பொன் மட்டுமே 12 தீனாரை விட அதிகமாக இருந்தது. செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, பிரிக்காமல் அப்படி விற்கக்கூடாது என்று தடுத்தார்கள். இது பொன்னுக்குப் பொன் மாற்றும்போது உள்ள சட்டம். அன்று வாங்கியவருக்கே இலாபம் கிடைத்தது. அப்படியிருந்தும் தடை வந்தது. இரண்டு பொருளைக் கலந்து ஒரு விலை பேசினால் யாராவது ஒருவருடைய உரிமை அதற்குள் மறைந்துவிடும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பழைய நகையைக் கொடுத்து அதிலேயே புதிய நகை வாங்கும் எமது வழக்கத்துக்கும் இது பொருந்தும். பொன்னுக்குப் பொன் மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பாதுகாப்பான வழி, பழையதை முதலில் விற்றுப் பணத்தைக் கையில் வாங்கி, பிறகு அப்பணத்தால் விரும்பியதை விரும்பிய கடையில் வாங்குவது. தங்கச்சியும் அப்படியே ஒரு காப்பை மட்டும் விற்று, சேமிப்பில் கொஞ்சம் சேர்த்து, வேறோர் இடத்தில் மகளுக்கு ஒற்றைக்கல் மோதிரம் வாங்கினாள். பொன் எடை, கல் எடை, நிறம், தெளிவு எல்லாம் வரி வரியாக எழுதிய சீட்டுடன். "மாமா, கல் சின்னதுதான். ஆனா என்ன வாங்கினோம் என்டு தெரியும்" என்றாள் பிள்ளை.

ஸக்காத் பற்றியும் சகோதரிகள் கேட்பதுண்டு. அணியும் வைரத்துக்கு ஸக்காத் இல்லை. வியாபாரத்துக்கு வைத்திருந்தால் வியாபாரப் பொருளுக்கான ஸக்காத் உண்டு. அணியும் தங்க நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஸக்காத் இல்லை. ஹனபி மத்ஹபில் உண்டு. ஆனால், ஸக்காத்திலிருந்து தப்புவதற்கென்றே பொன்னைக் கல்லாக மாற்றுவது இறையச்சமுள்ளவருக்கு அழகல்ல. உலகக் கணக்கிலும் அது இலாபமல்ல. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது பெண்களின் தங்கம். தங்கத்துக்கு அன்றைய விலை என்று ஒன்று இருக்கிறது. வைரத்தைத் திருப்பி விற்கப் போனால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. பெரும்பாலும் கொடுத்ததில் ஒரு பகுதிதான் கிடைக்கும். ஆகவே வைரத்தை அழகுக்காக வாங்குங்கள். சேமிப்பு என்று எண்ணி வாங்காதீர்கள்.

வாங்குவதாயின் கூச்சப்படாமல் கேளுங்கள். பொன்னின் எடையும் தரமும் தனியே, கல்லின் எடையும் எண்ணிக்கையும் தரமும் தனியே, கூலி தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். இயற்கையானதா, ஆய்வுகூடத்தில் வளர்ந்ததா என்பதும் அதில் இருக்கட்டும். பெரிய கல்லாயின் நம்பகமான ஆய்வுகூட அறிக்கையைக் கேளுங்கள். அதிலுள்ள இலக்கத்தைச் சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் பரிசோதித்துப் பார்க்க எமது நாட்டிலேயே தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நேர்மையான வியாபாரி இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கோபிப்பவரிடம் வாங்கவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.