பிளக்கைப் படித்தவர்கள்

சீசனின் முதல் சுற்று முடிந்ததும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் முடிவுத் தாள் வெளியாகும். ஓட்டியவர் பெயர், அணி, வண்டி, சுற்று நேரம் எல்லாம் அதில் இருக்கும். இன்ஜினைக் கட்டியவர் பெயர் மட்டும் இருக்காது. அந்தக் காலத்திலும் இருந்ததில்லைதான். ஆனால் அப்போது பிட்டில் யாரைக் கேட்டாலும் ‘அது இன்னார் கட்டின இன்ஜின்’ என்று சொல்லிவிடுவார்கள். இப்போது பல பந்தயங்களில் அப்படிச் சொல்ல ஒரு பெயரே இல்லை. இன்ஜின் சீல் வைத்து வருகிறது, சீலோடு திரும்பிப் போகிறது.

ஒன்-மேக் பந்தயம் புதிதல்ல. டிவிஎஸ் 1994-லேயே அதைத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே வண்டி என்பதால் பணக்கார வீட்டுப் பையனும் மற்றவனும் ஒரே கோட்டில் நிற்க முடிகிறது. அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் ஓட்டுபவனுக்கு நியாயம் செய்த அதே விதி மெக்கானிக்கை வெளியே நிறுத்திவிட்டது. ஃபார்முலா 4 இந்தியன் சாம்பியன்ஷிப்பிலும் எல்லோருக்கும் ஒரே மைகேல் சேஸி, ஒரே 1.3 லிட்டர் ஆல்பைன் டர்போ இன்ஜின். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடியபோது கூட்டம் கைதட்டியது ஓட்டுநர்களுக்கு. இன்ஜின் கட்டும் சென்னை மெக்கானிக்குக்கு அங்கே வேலையே இல்லை.

உலகின் மேல்தட்டிலோ நிலைமை நேர்மாறு. ஃபார்முலா 1-இன் 2026 சீசன் இன்ஜின் சண்டையோடுதான் பிறந்தது. புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்த எம்ஜியு-எச் போய்விட்டது, மின் மோட்டாரின் பலம் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறியது, கம்ப்ரெஷன் விகிதம் 18-லிருந்து 16-க்கு இறங்கியது. குளிர்ந்த நிலையில் அளந்தால் 16. ஓடிச் சூடேறி உலோகம் விரிந்தபின் அது கூடினால் விதிமீறலா இல்லையா? முதல் பந்தயத்துக்கு முன்பே நிறுவனங்கள் மோதிக்கொண்டது இதற்காக. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுச் சந்தில் ஹெட் தேய்த்த எந்த மெக்கானிக்குக்கும் இந்தச் சண்டை உடனே புரியும். பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டு, கிராங்கைச் சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து ஸ்குவிஷ் இடைவெளி பார்த்தவர்கள் அவர்கள். குளிரில் சரியாக இருக்கும் இடைவெளி சூட்டில் என்னவாகும் என்பதுதான் அவர்களுடைய அன்றாடக் கவலை.

அந்த வேலையில் எல்லாவற்றையும்விடக் கடினமானது பிளக் படிப்பது.

சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் பழகி, 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபின் அங்கே இடம் மாறிய ட்யூனர் ஒருவர் இருந்தார். இன்று பிட்டில் தலை நரைத்து நிற்கும் சிலருக்கு அவர்தான் வாத்தியார். புதிதாகச் சேர்ந்த பையன் கையில் அவர் ஸ்டாப்வாட்ச் கொடுக்கமாட்டார். முதலில் பிளக். புது பிளக்கைப் போட்டு, நேர்ப்பாதையில் டாப் கியரில் ஃபுல் த்ராட்டில் வைத்து, அதே நொடியில் கிளட்ச்சையும் பிடித்து இன்ஜினையும் அணைக்க வேண்டும். வண்டி தானாக உருண்டு ஓரத்தில் நிற்க வேண்டும். அங்கேயே பிளக்கைக் கழற்ற வேண்டும். ஐடிலில் ஓட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்தால் அவர் பிளக்கைப் பார்க்கவே மாட்டார். ‘இது உன் ஐடில் ஜெட்டோட கதைடா, மெயின் ஜெட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லாது’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்த பிராக்டிஸ் வரை அந்தப் பையன் காத்திருக்க வேண்டியதுதான்.

பீங்கான் வெளுத்திருந்தால் லீன் (கலவையில் பெட்ரோல் குறைவு), கறுத்திருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்பது தெருமுனை மெக்கானிக்குக்கும் தெரியும். வாத்தியார் பார்த்தது அதையல்ல. டார்ச்சும் லென்சும் வைத்துப் பீங்கானின் அடியாழத்தில் இருக்கும் மெல்லிய வளையத்தைப் பார்ப்பார். எர்த் கம்பியில் நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்த்து, பிளக்கின் வெப்ப எண் என்ஜிகே 8 போதுமா 9 வேண்டுமா என்று சொல்வார். பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் பேச்சே கிடையாது, வண்டி ஸ்டாண்டில் ஏறும். பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது, அந்தப் புள்ளிகள் அலுமினியம். ‘நல்லாத்தானே இழுக்குது அண்ணே’ என்று ஓட்டுபவன் கெஞ்சினாலும் இறக்கமாட்டார். சீஸ் ஆவதற்கு முந்தைய சுற்றில்தான் டூ-ஸ்ட்ரோக் மிக நன்றாக இழுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வானமும் அவர் கணக்கில் இருந்தது. காலையில் சரியாக இருந்த ஜெட், வெயில் ஏறிக் காற்று லேசானால் ரிச் ஆகிவிடும், வண்டி மந்தமாகும். அதற்காக மதியம் ஜெட்டைச் சின்னதாக்கிய பிறகு திடீரென்று மழைக்குளிர் வந்தால் ஆபத்து. காற்று அடர்ந்து கலவை லீன் ஆகி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிரிட்டுக்கு வண்டி போகும் கடைசி நிமிடத்தில் அவர் கார்புரேட்டரைத் திறந்ததை அதிகப்பிரசங்கித்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களின் வண்டிகள் மூன்றாவது சுற்றில் ஓரம் கட்டி நின்றன.

இப்போது லேப்டாப் இருக்கிறது, புகையை வைத்துக் கலவையை அளக்கும் லாம்ப்டா சென்சார் இருக்கிறது. கருவி நல்ல கருவிதான். ஆனால் இரண்டு சிலிண்டரின் புகையும் ஒன்றுசேரும் குழாயில் சென்சாரை மாட்டினால் அது சராசரியைத்தான் காட்டும். ஒரு சிலிண்டர் லீனாகவும் மற்றொன்று ரிச்சாகவும் இருக்க, திரையில் எண் சரியாகவே தெரியும். கழற்றிய இரண்டு பிளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். இன்று பிட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பையன்கள் பலர் பிளக்கைக் கழற்றுவதே இல்லை. இணையத்தில் விலைக்கு வாங்கிய எரிபொருள் மேப்பை ஏற்றிவிட்டு, இன்ஜின் போனால் பெட்ரோலைக் குறை சொல்கிறார்கள். மேப் எழுதியவன் எந்த ஊர்க் காற்றில் எழுதினான் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இது அவர்கள் குற்றம் மட்டுமல்ல. திறந்து பார்க்க அனுமதியே இல்லாத இன்ஜின்களோடு வளர்ந்தவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கோவையில் எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று ஒரு பிரிவே அதனால் உருவானது. செட்டிபாளையத்துத் தடம் இன்று அவர் பெயரில் நிற்கிறது. கட்டியவரின் பெயரை ஒரு தடத்துக்கே வைக்கத் தெரிந்த விளையாட்டு இது. தேசிய பைக் பந்தயத்தில் ப்ரோ-ஸ்டாக் பிரிவுகளில் இன்னும் மெக்கானிக்கின் கைக்கு வேலை இருக்கிறது. அந்தப் பிரிவுகளின் முடிவுத் தாளிலாவது வண்டியின் பெயருக்குப் பக்கத்தில் இன்ஜின் கட்டியவருக்கென ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அடுத்த சுற்றிலேயே சேர்த்துவிடலாம்.