நார்மோட பட்டறையும் நான் செஞ்ச ஸ்டூலும்

பரீட்சை நேரத்துல ராத்திரி கண்ணு முழிக்க ஒவ்வொருத்தனுக்கு ஒரு வழி. ஒருத்தன் டீ குடிப்பான், ஒருத்தன் மொட்டை மாடியில நடப்பான். நான் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை விரிச்சு வச்சுட்டு யூட்யூபில் தச்சுவேலை பார்ப்பேன். பின்னால மியூசிக் ஓட ஓட அஞ்சு நிமிஷத்துல மேஜை முடியற வீடியோ இல்லை. பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சிகள். அரை மணி நேரம், ஒரு ஆள், ஒரு பட்டறை. அவ்வளவுதான்.

இதுல ராஜா, 'தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்'. பாஸ்டன் நகரத்து பொதுத் தொலைக்காட்சி நிலையத்துல இருந்து 1989 முதல் 2009 வரை, 21 சீசன் வந்தது. நடத்தினவர் நார்ம் ஆப்ராம். தாடி, கட்டம் போட்ட சட்டை, அலட்டாத பேச்சு. ஊருக்கு ஊர் இருக்கற நல்ல பெரியப்பா மாதிரி ஒரு ஆள்.

இவர் டிவிக்கு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரசல் மொராஷ்னு ஒரு தயாரிப்பாளர். 1963-ல ஜூலியா சைல்டை வச்சு 'தி பிரெஞ்ச் ஷெஃப்' சமையல் நிகழ்ச்சியை எடுத்தவர், 2024-ல காலமானார். அவர் தன் வீட்டுக் கொல்லையில ஒரு சின்னக் கட்டடம் கட்ட நார்மைக் கூப்பிட்டிருக்கார். வேலை நடக்கும்போது பார்த்தா, மிச்சம் விழுந்த கழிவுக் கட்டைக் குவியல் ரொம்பச் சின்னதா இருந்துச்சாம். அதைப் பார்த்துதான் ஆளை மடக்கி, 1979-ல ஆரம்பிச்ச 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' நிகழ்ச்சியில போட்டார். எங்க பாடத்துல 'நார்மல் லாஸ்'னு ஒரு சமாச்சாரம் உண்டு. அது இவர் பேர்ல வந்ததுன்னே எழுதிடலாம் :)

அப்புறம் அந்தப் பட்டறை. 26 அடிக்கு 36 அடி. கணக்குப் போட்டா 936 சதுர அடி, நம்ம ஊர்ல ரெண்டு பெட்ரூம் வீடு. நடுவுல பெரிய டேபிள் சா, சுவர் ஓரமா நீளமா ரேடியல் ஆர்ம் சா, பலகையை இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் மழமழன்னு வெளிய தள்ளற எந்திரம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின். கிளாம்ப் மட்டுமே சுவர் நிறையத் தொங்கும். அதைப் பார்த்து ஏங்காத மரவேலைக்காரன் கிடையாது.

ஒரு விஷயம் தெரிஞ்சப்ப எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. அந்தப் பட்டறை நார்மோடது இல்லை, மொராஷோட இடத்துல இருந்தது. எங்கே இருக்குன்னுகூட வெளிய சொல்லாம வச்சிருந்தாங்க. நிகழ்ச்சிக்குப் பணம் குடுத்த கம்பெனிகள்ல டெல்டா, போர்ட்டர்-கேபிள் மாதிரி மெஷின் செய்யறவங்களும் இருந்தாங்க. ஆக, இருப்புநிலைக் குறிப்புல நிலைச் சொத்து ஒருத்தர் பேர்ல, உழைப்பு இன்னொருத்தர் பேர்ல. பார்க்கற நாம மட்டும் 'இதெல்லாம் இருந்தா நானும் செய்வேன்'னு நினைச்சுட்டு கடைக்குப் போறோம்.

நான் போனேன்.

போன வருஷம் டியூஷன் எடுத்த காசுல ஒரு கட்டர் மெஷின் வாங்கினேன். அடுக்களைக்கு ஒரு ஸ்டூல் செய்யறதா திட்டம். நாலு கால், ஒரு பலகை. இதுல என்ன இருக்குன்னு நினைச்சேன். நார்ம் ஒவ்வொரு பகுதி ஆரம்பத்துலயும் மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி பாதுகாப்பு பத்தி ஒரு சின்னப் பேச்சு பேசுவார். எல்லாத்தையும் விட முக்கியம் இதுதான்னு தன் கண்ணாடியைக் காட்டுவார். நான் எத்தனை பகுதி பார்த்திருப்பேனோ, அத்தனை தடவையும் அந்த இடத்தைத் தள்ளிவிட்டுட்டேதான் பார்த்திருக்கேன். மூணாவது காலை அறுக்கும்போது ஒரு சில்லு தெறிச்சு வலது கண்ணுக்குள்ள போயிடுச்சு.

கருவிழியில கீறல். மூணு நாள் கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கால் இஞ்ச் தள்ளி ஆழமா இறங்கியிருந்தா பார்வை போயிருக்கும்னு டாக்டர் சாதாரணமா சொன்னாங்க. அம்மா என்கிட்ட பேசவே இல்லை. அப்பா மட்டும் நாலாம் நாள் பக்கத்துல வந்து உக்காந்து, "அந்த ஸ்டூலோட அடக்கவிலை என்னடா ஆச்சு இப்ப?"ன்னு கேட்டார்.

போட்டுப் பார்த்தேன். மெஷின் 2,900, மரம் 700, ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் 160, டாக்டர் ஃபீஸ், சொட்டு மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,150. மொத்தம் 4,910 ரூபாய். தேய்மானம் போடலை. பஜார்ல இதே மாதிரி ஸ்டூல் 450.

இத்தனைக்கும் அந்த ஸ்டூல் ஆடுச்சு. நார்ம் செஞ்சது ஒண்ணுகூட ஆடி நான் பார்த்ததில்லை. ஏன்னு பின்னாடிதான் உறைச்சது. அவர் படப்பிடிப்புக்கு முன்னாடியே அதே சாமானை ஒருதடவை முழுசா செஞ்சு பார்த்திடுவார். கேமரா முன்னாடி செய்யறது ரெண்டாவது. அதை அவர் மறைக்கவும் இல்லை, முதல்ல செஞ்சதை ஆரம்பத்துலயே காட்டுவார். ஆனா தப்பு, யோசனை, பிரிச்சு மறுபடி மாட்டினது எல்லாம் அந்த முதல் சாமானோட போயிடும். வாத்தியார் வீட்டுல டேலி பண்ணிட்டு வந்து போர்டுல போடற டிரையல் பேலன்ஸ் மாதிரி. வகுப்புல நமக்கு மட்டும் ஏன் 18 ரூபாய் உதைக்குதுன்னு முழிப்போம்.

கண்ணைக் கட்டிக்கிட்டு இருந்த அந்த மூணு நாள்ல ஒத்தைக் கண்ணால பார்க்க ஆரம்பிச்சதுதான் ராய் அண்டர்ஹில்லோட 'தி உட்ரைட்ஸ் ஷாப்'. (ஆமா, அதையும் செஞ்சேன். அம்மாவுக்குத் தெரியாது.) வட கரோலினாவுல 1979-ல ஆரம்பிச்சு, 1981-ல நாடு முழுக்கப் போய், 2017 வரைக்கும் வந்த நிகழ்ச்சி. தொப்பி, தோள்பட்டை வார், கரண்ட்டே கிடையாது. ரம்பம், உளி, இழைப்புளி, காலால மிதிச்சு ஓட்டற கடைசல் எந்திரம். பெரும்பாலும் நிறுத்தாம ஒரே ஓட்டமா எடுத்திருக்காங்க. அதனால மனுஷனுக்கு மூச்சு வாங்கும். கட்டை எசகுபிசகா பிளந்துக்கும். கையில வெட்டிக்குவார். ரத்தம் வரும். பேசிக்கிட்டே விரலை மடக்கிப் பிடிச்சுக்கிட்டு அடுத்த துளையைப் பொளிய ஆரம்பிச்சிடுவார். இந்த நிகழ்ச்சிக்குப் பல வருஷம் பணம் குடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? ஸ்டேட் ஃபார்ம்னு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி!

இவரோட பட்டறையும் அசல்னு சொல்லிட முடியாது. பிற்காலப் பகுதிகள்ல நாம பார்க்கறது ஸ்டூடியோவுக்குள்ள போட்ட செட். ராய் கல்லூரியில படிச்சதே நாடக இயக்கம்தான். ஆனா செட் பொய்யா இருந்தாலும் வியர்வை நிஜம். மரவேலை ஆட்கள் மெஷினா கையான்னு இந்த ரெண்டு பேரை வச்சு ஓயாம சண்டை போடுவாங்க. எனக்கு அதுல பெரிய அக்கறை இல்லை. தப்பு நடந்தா அடுத்த நிமிஷம் ஒரு ஆள் என்ன செய்வான்னு பார்க்கணும்னா ராய்கிட்டதான் போகணும். கண்ணாடி மட்டும் நார்ம்கிட்ட.

கண்ணு சரியானதும் ஸ்டூலை எடுத்தேன். ஆடற காலைக் கொஞ்சம் அறுத்தேன். இப்ப எதிர்க்கால் ஆடுச்சு. அதை அறுத்தேன். இப்படியே போய், 18 அங்குலத்துல ஆரம்பிச்ச ஸ்டூல் 13-க்கு வந்தப்பதான் எங்க தெருவுல தச்சுவேலை செய்யற அண்ணன் பார்த்துட்டு, "தம்பி, நிறுத்து நிறுத்து"ன்னு ஓடி வந்தார். மட்டமான தரையில வச்சு, ஆடற காலுக்கு அடியில அட்டையைச் செருகி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். அப்புறம் ஒரு சின்னக் கட்டை மேல பென்சிலைப் படுக்க வச்சு, அந்தக் கட்டையைத் தரையோட தள்ளிக்கிட்டே நாலு காலையும் சுத்தி ஒரே உயரத்துல கோடு போட்டார். கோட்டுல அறுன்னார். கைரம்பத்தாலதான் அறுத்தேன். அரை மணி நேரம் ஆச்சு. ஆட்டம் நின்னுடுச்சு.

பன்னிரண்டரை அங்குலம். அடுக்களை மேடைக்கு எட்டாது. அம்மா அதுல உக்காந்துதான் இப்ப கீரை ஆயறாங்க. 60 ரூபாய்க்கு வாங்கின பிளாஸ்டிக் கண்ணாடி மெஷின் பெட்டியோட கைப்பிடியிலேயே கட்டித் தொங்குது. கட்டினது அம்மா. அடுத்து ஒரு புத்தக அலமாரி செய்யலாம்னு இருக்கேன். மரத்துக்கு அப்பாகிட்ட பணம் கேட்டேன். முதல்ல எஸ்டிமேட் எழுதிக் குடு, டாக்டர் செலவையும் சேர்த்துன்னு சொல்லியிருக்கார்.